நடுரோட்டில் நிக்குது வேன்... நம்பி கூப்பிட மெக்கானிக் யாரு?

நெல்லை:

சாரல் விழ ஆரம்பித்தால் போதும். சனிக்கிழமை சாயங்காலம் பேட்டை, மேலப்பாளையம், தச்சநல்லூர், பாளையங்கோட்டை என்று எந்தப் பக்கம் போனாலும் தெருமுனையில் ஒரு வேன் நிற்கும். அண்டா, கரண்டி, ஸ்டவ், பாய், தலையணை, தேய்த்துக் குளிக்க எண்ணெய் பாட்டில் என பாதி வீட்டையே ஏற்றிக்கொண்டு குடும்பம் குடும்பமாக குற்றாலம் கிளம்புவது நம்ம ஊர் வழக்கம்.

வெளிநாடுகளில் இதற்கென்றே படுக்கை, சமையல்கட்டு, கழிவறை எல்லாம் வைத்த வண்டிகள் ஓடுகின்றன. பக்கத்து கேரளாவிலும் 2021-ல் 'கேரவன் கேரளா' என்று அரசே திட்டம் அறிவித்தது. நமக்கு கேரவன் என்றால் ஷூட்டிங்கில் நடிகர்கள் உட்காரும் வண்டி. நம்ம ஜனங்களுக்கு வாடகை வேன்தான் கேரவன்!

ஆனால் வண்டி எதுவாக இருந்தாலும் நடுவழியில் நின்றுவிட்டால் கதை ஒன்றுதான். யாரைக் கூப்பிடுவது? வருகிற ஆள் வேலை தெரிந்தவரா, தலையில் மிளகாய் அரைக்கிறவரா?

சீதபற்பநல்லூர் பக்கம் நடந்தது

இதை எழுதுகிறவருக்கே இது நடந்தது. குற்றாலத்தில் குளித்துவிட்டு திரும்புகிற வழி. ராத்திரி 11 மணி இருக்கும். ஆலங்குளம் தாண்டி சீதபற்பநல்லூர் வருவதற்குள் வேன் ரெண்டு தடவை இருமியது, அப்புறம் நின்றே விட்டது. உள்ளே 17 பேர். அதில் கைக்குழந்தை ஒன்று, சர்க்கரை நோய்க்காரர் ரெண்டு பேர்.

சுவரில் பெயிண்டால் எழுதியிருந்த ஒரு நம்பருக்கு டிரைவர் போன் போட்டார். முக்கால் மணி நேரத்தில் ஒருவர் காரில் வந்து இறங்கினார். பானெட்டைத் திறந்து செல்போன் வெளிச்சத்தில் ஒரு நிமிஷம் பார்த்தார். "பம்பு போச்சு அண்ணாச்சி. இன்ஜெக்டரும் போயிருக்கும். கழற்றித்தான் பார்க்கணும். 18 ஆயிரம் ஆகும், இப்ப 5 ஆயிரம் குடுங்க" என்றார்.

ஒரு ஸ்பேனரைக் கூட கையில் எடுக்கவில்லை. அதற்குள் 18 ஆயிரம்!

டிரைவர் விவரமானவர். "ஓனர்ட்ட கேட்டுச் சொல்லுதேன்" என்று இழுத்தார். அதற்குள் கடையை மூடிக்கொண்டிருந்த டீக்கடைக்காரர் ஒரு நம்பர் கொடுத்தார். அரை மணி நேரத்தில் 50 வயசு தாண்டிய ஒருவர் டி.வி.எஸ். எக்ஸெல்லில் வந்தார். முன்னால் ஒரு அரிசிச் சாக்கு, அதற்குள் டூல்ஸ்.

அவர் பானெட்டைத் தொடவே இல்லை. முதலில் கேள்விதான். "கடைசியா எங்க டீசல் போட்டீய? ஃபில்டர் மாத்தி எவ்வளவு நாளாச்சு? நிக்கும்போது ஒரேயடியா நின்னுச்சா, இழுத்து இழுத்து நின்னுச்சா?"

பிறகு டீசல் ஃபில்டருக்கு அடியில் உள்ள திருகைத் திறந்து, பாதியாக வெட்டிய தண்ணீர் பாட்டிலில் பிடித்துக் காட்டினார். அடியில் தண்ணி, மேலே டீசல் என்று தனித்தனியாக நின்றது. தண்ணியை வடித்து, கை பம்பை அழுத்தி காற்றை வெளியேற்றினார். ஸ்டார்ட் ஆகிவிட்டது. ராத்திரி நேரம் என்பதால் 400 ரூபாய் கேட்டார். "இது ஊர் போய்ச் சேரத்தான். காலைல ஃபில்டரை மாத்திருங்க, பில்லு போட்டு வாங்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

18 ஆயிரம் எங்கே, 400 எங்கே? இந்த வித்தியாசம்தான் இன்றைக்கு நெல்லை, தென்காசி ரோடுகளில் வண்டி ஓட்டுகிற ஒவ்வொருவரின் பயம்.

எல்லாரும் திருடர்கள் இல்லை

முதலில் வந்தவர் வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று அடித்துச் சொல்ல முடியாது. சில சமயம் வேலை தெரியாததும் காரணம். தெரியாத மெக்கானிக்குக்கு எதைப் பார்த்தாலும் பெரிய ரிப்பேராகத்தான் தெரியும். நோய் தெரியாத டாக்டர் பத்து டெஸ்ட் எழுதிக் கொடுப்பது மாதிரி.

தவிர, வண்டிகளும் மாறிவிட்டன. 2020 ஏப்ரல் 1-ந்தேதி முதல் நாடு முழுக்க பி.எஸ்.6 வண்டிகள் மட்டுமே புதிதாகப் பதிவாகின்றன. பழைய டீசல் வேனில் சத்தத்தைக் கேட்டே ரிப்பேரைச் சொல்லிவிடுவார்கள் நம்ம பட்டறைக்காரர்கள். புது வண்டியில் காது மட்டும் போதாது. சென்சார் மேல் சென்சார். புகையை வடிகட்டும் ஃபில்டர் ஒன்று. பல வண்டிகளில் தனி டேங்கில் 'ஆட்புளூ' வேறு ஊற்ற வேண்டும். நம்ம டிரைவர்கள் பாஷையில் 'யூரியா'. அதில் 32.5 சதவீதம்தான் யூரியா, மற்றதெல்லாம் சுத்திகரித்த தண்ணீர்.

அது தீர்ந்துபோனால் வண்டி இழுவை குறைந்து நொண்டியடிக்கும். என்ஜினில் ஒரு கோளாறும் இருக்காது. விவரம் தெரியாதவர் கையில் மாட்டினால் அதற்கே என்ஜினைப் பிரித்துப் போட்டுவிடுவார். இன்னும் சிலர் காசை மிச்சம் பிடிக்க குழாய்த் தண்ணியையோ, கண்ட யூரியாக் கரைசலையோ ஊற்றச் சொல்லுகிறார்கள். அது உள்ளே உப்பு மாதிரி படிந்து, ஆயிரத்தில் முடிய வேண்டியது லட்சத்தில் வந்து நிற்கும்.

புகை ஃபில்டரும் அப்படித்தான். டவுன், ஜங்ஷன் நெரிசலில் ஊர்ந்துகொண்டே இருக்கிற வண்டியில் கரி அடைத்து மஞ்சள் விளக்கு எரியும். பல நேரம் நாலுவழிச் சாலையில் கொஞ்ச நேரம் ஒரே வேகத்தில் ஓட்டினால் அதுவே எரித்து சுத்தம் செய்துகொள்ளும். "ஃபில்டரையே எடுத்துட்டு ஓட்டலாம் அண்ணாச்சி, ஒண்ணும் ஆகாது" என்று யாராவது சொன்னால் உஷார். அது சட்டப்படி தப்பு, எஃப்.சி.க்குப் போகும்போது மாட்டிக்கொள்வது ஓனர்தான்.

ஸ்கேனர் யார் கையில்?

சரி, ரோட்டோர மெக்கானிக் ஏன் புதுசைக் கற்றுக்கொள்ளவில்லை என்று கேட்கலாம். கற்றுக்கொள்ள விட்டால்தானே?

வண்டியில் என்ன கோளாறு என்று படித்துச் சொல்லும் ஸ்கேனர் கருவி வேண்டும். அதற்குரிய சாஃப்ட்வேர் வேண்டும். ஒரிஜினல் ஸ்பேர் பார்ட்ஸ் வேண்டும். இதையெல்லாம் கம்பெனிக்காரர்கள் தங்கள் சர்வீஸ் சென்டர்களுக்கு மட்டுமே கொடுக்கிறார்கள் என்று வழக்கு நடந்தது. 2014 ஆகஸ்டில் இந்திய போட்டி ஆணையம், இப்படி வெளிப் பட்டறைகளுக்கு பார்ட்ஸும் கருவியும் கிடைக்காமல் செய்ததாகச் சொல்லி 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. விஷயம் மேல்முறையீட்டுக்குப் போனது தனிக்கதை. ஆனால் ரோட்டோர மெக்கானிக்கின் குறை நியாயமானது என்று அன்றைக்கே எழுத்தில் பதிவாகிவிட்டது.

மத்திய அரசின் நுகர்வோர் துறையும் 'ரிப்பேர் செய்யும் உரிமை' என்று 2022-ல் ஒரு கமிட்டி போட்டு, அந்த டிசம்பரிலேயே இணையதளமும் திறந்தது. அதில் எடுத்துக்கொண்ட நாலு துறைகளில் வாகனமும் ஒன்று. ஆனால் அந்த உரிமை பாவூர்சத்திரத்து பட்டறை வரைக்கும் எப்போது வந்து சேரும் என்பதுதான் கேள்வி.

தமிழக அரசு 71 அரசு ஐ.டி.ஐ.க்களை 2,877 கோடி ரூபாயில் புது தொழில்நுட்பத்துக்கு மாற்றும் திட்டத்தை 2022-ல் கையில் எடுத்தது. நல்லது. அங்கே படித்து வெளியே வருகிற பையன்களுக்கு அது உதவும். ஆனால் 30 வருஷமாக ஸ்பேனர் பிடித்த கைகளுக்கு யார் சொல்லிக் கொடுப்பது? அவர்கள் காலையில் பட்டறையைப் பூட்டிவிட்டு வகுப்புக்குப் போனால் அன்றைக்கு வீட்டில் அடுப்பு எரியாதே!

எந்த ரோட்டில் நின்றால் எந்த நம்பர்?

இன்னொரு முக்கிய விஷயம். மதுரை - கன்னியாகுமரி நாலுவழிச் சாலையில், கயத்தாறு பக்கமோ நாங்குநேரி பக்கமோ வண்டி நின்றால் 1033-க்கு அடிக்கலாம். தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் 24 மணி நேர நம்பர் அது. ரோந்து வண்டி, கிரேன், ஆம்புலன்ஸ் எல்லாம் அந்தச் சாலையை நடத்துகிறவர்கள் தர வேண்டிய சேவை. நாம் டோல்கேட்டில் கட்டுகிற காசில் அதுவும் அடக்கம். இது தெரியாமல் 3 ஆயிரம், 4 ஆயிரம் கொடுத்து தனியார் கிரேனைக் கூப்பிடுகிறவர்கள் ஏராளம்.

ஆனால் குற்றாலத்துக்குப் போகிற நெல்லை - தென்காசி ரோடு மாநில நெடுஞ்சாலை. பாபநாசம், மணிமுத்தாறு, திருச்செந்தூர் போகிற வழிகளும் 1033-க்குள் வராது. அதாவது சுற்றுலா வேன் அதிகமாக ஓடுகிற ரோடுகளில்தான் அந்த நம்பர் கை கொடுக்காது! விபத்து, நெஞ்சுவலி என்றால் 108, போலீஸ் உதவிக்கு 112. வண்டி ரிப்பேருக்கு? டீக்கடைக்காரர்தான்.

சிரிக்க வேண்டாம். உண்மையிலேயே நம்ம பக்கத்தில் நல்ல மெக்கானிக்கைக் கண்டுபிடிக்க சரியான வழி டீக்கடையும் பஞ்சர் கடையும்தான். சுவரில் யார் வேண்டுமானாலும் நம்பர் எழுதலாம். ஆனால் டீக்கடைக்காரர் தப்பான ஆளைக் காட்டிவிட்டால், அடுத்த வாரம் அதே டிரைவர் அதே கடையில் வண்டியை நிறுத்தமாட்டார். அவருக்கும் அதில் யாவாரம் இருக்கிறது. மெக்கானிக்குக்கும் அந்தக் கடையைத் தாண்டித்தான் தினமும் போக வேண்டும். உள்ளூர் ஆளுக்கு இருக்கும் அந்தக் கூச்சம்தான் நமக்கு கேரண்டி.

கழற்றும் முன் கேளுங்க

அனுபவப்பட்ட வேன் டிரைவர்கள் நடந்துகொள்கிற விதம் ஒரு மாதிரி. மெக்கானிக் வந்ததும் முதலில் வந்துபோகிற கூலியைப் பேசி முடிப்பார்கள். வேலைக்கான கூலி தனி, சாமான் விலை தனி. எதைக் கழற்றினாலும் கழற்றுவதற்கு முன்பே காரணம் கேட்பார்கள். மாற்றிய பழைய பார்ட்டை கையில் வாங்கி வண்டியிலேயே போட்டுக்கொள்வார்கள். அது குப்பைதான். ஆனால் "மாத்தியாச்சு" என்று சொல்லிவிட்டு மாற்றாமல் விடுகிற வேலை அங்கேயே நின்றுபோகும். பழசைத் துடைத்து இன்னொரு வண்டியில் மாட்டுகிற வேலையும் நடக்காது.

சாமான் வாங்குவதில்தான் சூட்சுமம். மெக்கானிக்கே கடைக்குப் போய் வாங்கி வந்தால் கமிஷன் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். அதைத் தப்பு என்று சொல்லமாட்டேன், அவர் நேரமும் காசுதானே. ஆனால் ஒரிஜினல் விலைக்கு டூப்ளிகேட் ஃபில்டரும் பிரேக் லைனிங்கும் வந்துவிடக்கூடாது. புளியரை தாண்டி ஆரியங்காவு மலைப்பாதையில் இறங்கும்போது பிரேக்தான் உயிர். கூட ஒரு ஆள் கடைக்குப் போய், அட்டைப்பெட்டியில் உள்ள விலையைப் பார்த்து, கடை பில்லோடு வாங்குவது உத்தமம். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரி பாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம்தான். பழைய 28 சதவீதக் கணக்கைச் சொல்லி யாராவது விலை ஏற்றினால் கேளுங்கள்.

மெக்கானிக்கிடம் கூலிக்கு ஜி.எஸ்.டி. பில் இல்லை என்பதற்காக அவரை சந்தேகப்பட வேண்டாம். வருஷத்துக்கு 20 லட்சத்துக்குள் வரவு உள்ளவர்களுக்கு அந்தப் பதிவே கட்டாயம் இல்லை. ஒரு துண்டுச் சீட்டில் தேதி, வண்டி நம்பர், செய்த வேலை, வாங்கிய கூலி எழுதி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலே போதும். எழுதித் தர மறுக்கிறவரிடம்தான் யோசிக்க வேண்டும். தகராறு என்று வந்தால் அந்தச் சீட்டுதான் பேசும். நுகர்வோர் உதவி எண் 1915. 5 லட்சம் வரையிலான வழக்குக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமே கிடையாது. ரெண்டு வருஷத்துக்குள் போக வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்று, சமையல் சாமானோடு போகிறவர்கள் கவனத்துக்கு. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரெயில் பெட்டியில் சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் இறந்ததை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். வேனில் சிலிண்டர் இருந்தால் மெக்கானிக் பேட்டரி ஒயரைத் தொடுவதற்கு முன்பே இறக்கி தூரமாக வையுங்கள். ஒரு பொறி போதும்.

வெள்ளம் சொல்லித்தந்தது

நம்பிக்கையான மெக்கானிக்கின் அருமை நெல்லைக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்தது 2023 டிசம்பரில். 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் பெய்தது. தாமிரபரணி கரை மீறி ஜங்ஷன், கொக்கிரகுளம், வண்ணார்பேட்டை எல்லாம் தண்ணி. ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கம் கேட்கவே வேண்டாம். ஆட்டோ, லோடு வேன், பைக் எல்லாம் மூழ்கின.

தண்ணி வடிந்ததும் ஆசையில் சாவியைத் திருகியவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். சிலிண்டருக்குள் தண்ணி இருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் பிஸ்டன் அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடே வளைந்துவிடும். மாடல் பழசோ புதுசோ, என்ஜின் காலி. முழு இன்சூரன்ஸ் வைத்திருந்தாலும், ஸ்டார்ட் செய்து கெடுத்த என்ஜினுக்கு 'என்ஜின் புரொடெக்ட்' என்ற கூடுதல் பாலிசி இல்லாவிட்டால் கம்பெனி கையை விரிக்கும். தேர்டு பார்ட்டி மட்டும் கட்டியிருந்தால் அதுவும் இல்லை.

அந்த நேரத்தில் "தொடாதீங்க, பேட்டரியைக் கழற்றுங்க, ஆயிலை வடிச்சுப் பார்க்காம சாவி போடாதீங்க" என்று போனிலேயே சொன்ன மெக்கானிக் தெய்வம். பணமே வாங்காமல் அவர் மிச்சம் பிடித்துக் கொடுத்தது ஒரு குடும்பத்தின் பிழைப்பு. தவணை கட்டி ஓட்டுகிற லோடு ஆட்டோவுக்கு என்ஜின் போனால் வீட்டில் உலையும் நிற்கும்.

மெக்கானிக் பக்கத்து நியாயம்

இனி அந்தப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். ராத்திரி ஒரு மணிக்கு முன்பின் தெரியாத நம்பரில் இருந்து போன் வருகிறது. மழையில் 20 கிலோமீட்டர் எக்ஸெல்லில் போக வேண்டும். வேலை முடிந்ததும் "காலைல ஜிபே பண்ணிடுறேன் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வண்டி பறந்துவிடும். காலையில் போனை எடுக்கமாட்டார்கள். இதில் சூடு கண்டவர்கள்தான் முதலிலேயே அட்வான்ஸ் கேட்கிறார்கள். ரோட்டோரம் படுத்து வேலை பார்க்கும்போது பின்னால் லாரி வந்து மோதினால் அவர் குடும்பத்துக்கு யார் பொறுப்பு? முக்கோண எச்சரிக்கைப் பலகையைக் கூட பாதி வண்டிகளில் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

இவர்களுக்கென்றே தமிழகத்தில் நல வாரியம் இருக்கிறது. அமைப்புசாரா ஓட்டுநர்கள் மற்றும் தானியங்கி மோட்டார் வாகனங்கள் பழுதுபார்க்கும் தொழிலாளர்கள் நல வாரியம் என்று பெயர். பெயரைப் படித்து முடிப்பதற்குள் மூச்சு வாங்கும். ஆனால் விபத்து உதவி, பிள்ளைகள் படிப்பு, திருமணம், ஓய்வூதியம் என்று பல உதவிகள் உண்டு. சொந்தப் பட்டறை இல்லாத மெக்கானிக்கும், அவரிடம் வேலை பழகுகிற 18 வயது தாண்டிய பையனும் பதியலாம்.

இதில்தான் இரு தரப்புக்கும் ஒரு வழி தெரிகிறது. வாரியத்தில் பதிந்தவருக்கு அடையாள அட்டை உண்டு. பதிந்த மெக்கானிக்குகளில் ராத்திரி அழைப்புக்கு வர சம்மதிப்பவர்களின் பட்டியலை ரூட் வாரியாக எடுத்து, சீசன் தொடங்கும்போது ஆலங்குளம், பாவூர்சத்திரம், தென்காசி, அம்பை, சேரன்மகாதேவி போலீஸ் நிலையங்களிலும் பஸ் நிலையங்களிலும் ஒட்டினால் என்ன செலவாகிவிடும்? நெல்லையும் தென்காசியும் 2019 நவம்பரில் ரெண்டு மாவட்டமாகப் பிரிந்துவிட்டன. ஆனால் ரோடு ஒன்றுதான், வேனும் ஒன்றுதான்.

நடக்காத காரியம் இல்லை. சபரிமலை சீசனில் கேரள மோட்டார் வாகனத் துறை 'சேஃப் சோன்' என்று திட்டம் போட்டு, இலவுங்கல், எருமேலி, குட்டிக்கானம் பகுதிகளில் ரோந்து வைத்து, பழுதான பக்தர்கள் வண்டிக்கு உதவி ஏற்பாடு செய்கிறது. நம்ம ஊர் சாமிமார் வேன்களும் அதில் பலன் அடைகின்றன. குற்றாலம் சீசனுக்கும், மார்கழி நவகைலாய யாத்திரைக்கும், திருச்செந்தூர் சஷ்டிக்கும் அதே மாதிரி ஒன்று வேண்டும் என்பதே வேன் டிரைவர்களின் எதிர்பார்ப்பு.

அது வரும் வரைக்கும் போனில் சேமித்த நம்பர்தான். அன்றைக்கு சீதபற்பநல்லூரில் தண்ணியை வடித்துக் காட்டியவரின் நம்பர் இப்போது எங்கள் தெருவில் பத்து பேர் போனில் இருக்கிறது. அவர் பெயரை யாரும் கேட்டு வைக்கவில்லை. எல்லார் போனிலும் 'எக்ஸெல் அண்ணாச்சி' என்றுதான் பதிவாகி இருக்கிறது. போன மாதம் நம்ம டிரைவர் கூப்பிட்டபோது, "பி.எஸ்.6 வண்டியா? ஸ்கேனரு எங்கிட்ட இல்ல. தென்காசில ஒரு பையன் வச்சிருக்கான், நான் பழக்குனவன்தான். நம்பர் தாரேன்" என்றாராம்.